ஸ்டீயரிங்கில் இருந்த அந்தச் சிறு நடுக்கம்

ஸ்டுட்கார்ட் நகருக்கு மேற்கே, லியோன்பெர்க் செல்லும் காட்டு வழியில் க்ளெம்ஸெக் என்றோர் இடம் இருக்கிறது. இன்று அது மரங்கள் சூழ்ந்த ஒரு சாதாரணச் சாலைச் சந்திப்புதான். ஆனால் ஒரு சுற்றுக்குப் பதினொரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட சொலிட்யூட் பந்தயப் பாதையின் தொடக்கக் கோடு ஒரு காலத்தில் இங்கேதான் இருந்தது. 1962-இல் அமெரிக்கரான டான் கர்னி, போர்ஷேயின் எட்டு சிலிண்டர் பந்தயக் காரில், அந்நிறுவனத்தின் சொந்த ஊர்க்காரர்கள் கண்முன்னே வென்ற பாதை இது. 1965-க்குப் பிறகு இங்கே பந்தயங்கள் இல்லை. சென்ற ஆண்டு அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி ஒருவர், தம்முடைய 1985-ஆம் ஆண்டு போர்ஷே 911 கரேராவை அங்கே ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து, "இனி நீங்கள் ஓட்டுங்கள்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் தம் இயல்பைத் தொலைத்துவிட்டன என்று அவரும், அது முதுமையின் ஏக்கம் என்று நானும் மாடிப்படியில் சந்திக்கும்போதெல்லாம் இரண்டு ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருந்தோம். இந்த வழக்கில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் மின்சார ஸ்டீயரிங்கை இயக்கும் மென்பொருளைச் சீராக்குவது என் வேலை. சாலையிலிருந்து கிளம்பிச் சக்கரம், பற்சட்டம், தண்டு வழியாக ஓட்டுநரின் உள்ளங்கைக்கு ஏறிவரும் அதிர்வுகளில் எதை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் நானும் ஒருவன். எங்கள் ஆவணங்களில் அந்த அதிர்வுகளுக்கு 'இடையூறு' என்று பெயர்.

சாவித் துவாரம் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம். பெடல்கள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து முளைத்து நிற்கின்றன. அவையும் நேர் எதிரே இல்லாமல் சற்று வலப்புறம் தள்ளியிருப்பதால், கால்கள் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக உட்கார வேண்டியிருக்கிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு வேகமாகத் தள்ளினால் பெட்டி முரண்டு பிடிக்கும். எண்ணெய் சூடாகும்வரை, நடுவில் ஒரு நொடி நின்று, அனுமதி கேட்பதுபோல் மெல்லத் தள்ள வேண்டும். பின்னாலிருந்து வருவதை எஞ்சின் ஒலி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. காற்றால் குளிர்விக்கும் பெரிய விசிறியின் இரைச்சல், சங்கிலிகளின் சலசலப்பு, உலோகம் உலோகத்தோடு உரசும் ஓசை எல்லாம் கலந்த ஒன்று அது. வெப்பமூட்டியைத் திறந்தால் சூட்டோடு இலேசான எண்ணெய் வாடையும் உள்ளே வருகிறது. இவை எல்லாவற்றையும் நான் எதிர்பார்த்தே போனேன். எதிர்பாராதது ஸ்டீயரிங். நேர்ச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும்போதே அது கைக்குள் ஓயாமல் இடமும் வலமுமாகச் சிறிது அசைந்தபடி இருந்தது. தார் ஒட்டுப்போட்ட இடம், மழைநீர் வடிய விட்ட சரிவு, ஈர இலைகள் படிந்த ஓரம் என ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கைக்கு வந்து சேர்ந்தன. பத்து ஆண்டுகளாக நான் கணினித் திரையில் ஒரு கோட்டின் மேடு பள்ளமாக மட்டுமே பார்த்துவந்த 'இடையூறு' இதுதான் என்று புரிய இரண்டு வளைவுகள் ஆயின. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் பிடித்திருந்தது என்பதாலேயே வாதத்தில் தோற்றுவிட்டேன் என்று ஆகாது. அந்தக் கார் எப்படி அப்படி ஆனது என்ற கேள்வி இருக்கிறது. 1963-இல் ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அறிமுகமாகி, நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்களுக்கு பிரெஞ்சு நிறுவனமான பெஷோ உரிமை கோரியதால் 911 ஆன இந்தக் காரின் தனிக்குணம் என்று எல்லோரும் எதைச் சொல்கிறார்களோ, அதைப் பொறியாளர்கள் யாரும் விரும்பி வைக்கவில்லை. பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் ஆறு சிலிண்டர் எஞ்சின், எடையில் பெரும்பகுதியைப் பின்சக்கரங்களின்மேல் ஏற்றிவிட்டது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னுக்குச் சாய்ந்து, பின்சக்கரங்கள் பிடியை விட்டு, வண்டியின் வால் தலையை முந்தப் பார்க்கும். தொடக்க ஆண்டுகளில் இதற்கு நிறுவனம் கண்டுபிடித்த மருந்து, முன்பம்பரின் இரு ஓரங்களிலும் வார்ப்பிரும்புக் கட்டிகளை ஒளித்து வைப்பது! எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் என்று விற்றுக்கொண்டே, அதன் மூக்கு மேலே தூக்காமலிருக்க இரும்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பிறகு 1969-ஆம் ஆண்டு மாடலில் முன், பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். ஒரு பேட்டரி இருந்த இடத்தில் இரண்டு சிறிய பேட்டரிகளை முன் மூலைகளுக்கு ஒன்றாகப் பொருத்தினார்கள். காரின் 'ஆன்மா' என்று இன்று போற்றப்படுவதை அதைப் பெற்றவர்களே முதல் நாளிலிருந்து திருத்திக்கொண்டிருந்தார்கள்.

திருத்தம் எப்போதும் பலிக்கவில்லை. 1974-இல் பாரிஸில் காட்டப்பட்ட 911 டர்போ மூன்று லிட்டர் எஞ்சினிலிருந்து 260 குதிரைத்திறன் தந்தது. ஆனால் கேட்ட நேரத்தில் தரவில்லை. காலை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, காற்றைச் சேர்த்துக்கொண்டு மூச்சு வாங்கும், பிறகு மொத்தமும் ஒரே அடியாக வந்து இறங்கும். அந்த நேரம் வண்டி வளைவின் நடுவில் இருந்து, ஓட்டுநர் திடுக்கிட்டுக் காலை எடுத்தால், மேலே சொன்ன வால் கதைதான். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதற்கு விதவையாக்கி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதைச் சிரித்துக்கொண்டே சொல்பவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பெயரின் பொருளை இவர்கள் ஒரு கணமேனும் யோசித்திருப்பார்களா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்தக் கார் 1980-களைத் தாண்டியிருக்கவே வேண்டியதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. போர்ஷேயின் முன்பக்க எஞ்சின் கொண்ட 928 அதன் இடத்தைப் பிடிப்பதாகத்தான் திட்டம். 1981-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பீட்டர் சுட்ஸ், பொறியியல் தலைவர் ஹெல்முட் போட்டின் அறைச் சுவரில் தொங்கிய அட்டவணையில் 911-க்கான கோடு அந்த ஆண்டோடு நின்றுவிடுவதைப் பார்த்து, பேனாவை எடுத்து அந்தக் கோட்டை அட்டவணைக்கு வெளியே சுவரிலும் இழுத்துச் சென்ற கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கோடு நீண்டது, ஆனால் நீண்ட கோட்டில் வந்த ஒவ்வொரு காரும் முந்தையதிலிருந்து எதையோ கழற்றிவிட்டே வந்தது. 1989-இல் வந்த, நிறுவனத்துக்குள் 964 என்று எண்ணிடப்பட்ட தலைமுறையில் பவர் ஸ்டீயரிங்கும் ஏபிஎஸ் பிரேக்கும் வந்தன, சக்கரங்களைத் தாங்கிய முறுக்குக் கம்பிகள் போய்ச் சுருள் வில்கள் வந்தன. 993-இல் புதிய பின் சஸ்பென்ஷன் அந்த வாலைப் பெருமளவு அடக்கியது. 1997-இல் வந்த 996-இல் காற்றுக் குளிர்ப்பே போய்த் தண்ணீர் வந்தது. பக்தர்கள் இதைத் துரோகம் என்றார்கள். ஆனால் புகை விதிகளுக்கு ஏற்ப ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைத்தால், அந்த நெருக்கத்தில் வெறும் காற்றால் சீராகக் குளிர்விப்பது கடினம்; தண்ணீர் உறை எஞ்சினின் இரைச்சலையும் அடக்கும். 1990-களின் தொடக்கத்தில் திவாலாகும் நிலைக்கு வந்திருந்த ஒரு நிறுவனத்துக்கு, தன் விலை குறைந்த காரான பாக்ஸ்டரோடு பல பாகங்களைப் பகிர்ந்துகொள்ளும் 911 ஒன்றே கையிலிருந்த வழி. பழைய குணத்தைக் கைவிட்டதால்தான் அந்தப் பெயர் பிழைத்தது.

இதுவரை நான் என் கட்சிக்கே பேசியிருக்கிறேன். எதிர்க்கட்சிக்கு வலுச் சேர்த்தது, க்ளெம்ஸெக்கிலிருந்து திரும்பிய சில வாரங்களுக்குப் பின் நான் வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் ஓட்டிய 992 தலைமுறை 911 கரேரா. 385 குதிரைத்திறன், இரண்டு டர்போக்கள், எட்டு கியர்கள் கொண்ட தானியங்கிப் பெட்டி, ஒன்றரை டன் எடை. ஸ்வேபியன் ஆல்ப் மலைச்சாலைகளில் அதை ஓட்டினேன். ஒரு குறையும் சொல்ல முடியாத கார் அது, என் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. ஜெர்மனியின் கிராமப்புறச் சாலைகளில் வேக எல்லை மணிக்கு 100 கிலோமீட்டர். அந்த வேகத்தில், விலா இருக்கையின் ஓரத்தில் அழுந்தும் அளவுக்கு நான் வளைவுகளில் திரும்பியபோதும், அந்தக் கார் பாதித் தூக்கத்தில் இருந்தது. அதனோடு உரையாட வேண்டுமென்றால் 160-இல் திரும்ப வேண்டும்; அந்த வேகத்தில் அது பேசத் தொடங்கும்போது கேட்பதற்கு என் ஓட்டுநர் உரிமம் என்னிடம் இருக்காது.

டயர்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். முதல் 911, 165 மில்லிமீட்டர் அகல டயர்களில் நின்றது. இன்று ஒரு சின்னக் குடும்பக் காருக்கும் அதைவிட அகலமான டயர் போடுகிறார்கள். 992-இன் பின்சக்கர டயரின் அகலம் 295. காரின் அகலமும் 1,610 மில்லிமீட்டரிலிருந்து 1,852 ஆகிவிட்டது. பழைய மலைச்சாலையில் தன் பாதைக்குள்ளேயே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து வளைக்க இருந்த அந்தச் சிறு இடைவெளியும் அதனால் போயிற்று. பழைய காரின் எல்லை சாதாரண மனிதன் சாதாரணச் சாலையில் தொட்டுப்பார்க்கும் தூரத்தில் இருந்தது. புதியதன் எல்லையை, சுற்றுக்கு 20.8 கிலோமீட்டர் நீளும் நூர்புர்க்ரிங் பந்தயப் பாதையின் நேரக் கணக்குகளுக்காக எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். இயல்பு போய்விட்டது என்று பெரியவர் சொல்வதை, எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள் என்று திருத்திச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வேன்.

ஸ்டீயரிங் விஷயத்தில் அந்தச் சமாதானமும் எனக்குக் கிடையாது. அங்கே உண்மையிலேயே ஒன்று தொலைந்திருக்கிறது, அதைத் தொலைத்தவர்களில் நானும் உண்டு. வளைவில் திரும்பும்போது முன் டயர்கள் ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கும் விசையைத்தான் நாம் கையில் கனமாக உணர்கிறோம். டயர் பக்கவாட்டுப் பிடியின் உச்சத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே அந்த விசை குறையத் தொடங்கிவிடும். அதாவது, வழுக்கப்போகிறேன் என்று டயர் முன்கூட்டியே கைக்குச் சொல்லி அனுப்புகிறது. பாரம் இலேசாகிறதே என்று விரல்கள் உணர்ந்தால் காலுக்குச் செய்தி போய்விடும். முன்பக்கம் எடை குறைந்த பழைய 911-இல் உதவி எதுவுமின்றி ஓட்டுநரே திருப்பியதால் அந்தச் செய்தி குறையாமல் வந்தது. 2011-இன் 991 தலைமுறையில் மின்சார ஸ்டீயரிங் வந்தது. தண்டின் நடுவே ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி. அது எவ்வளவு முறுகுகிறது என்பதை ஓர் உணரி அளக்கிறது. அதைக் கொண்டு ஒரு மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்று கணினி கணக்கிடுகிறது. மோட்டார் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால், அதன் சிறிய சுழலியின் நிலைமம் ஓட்டுநரின் கையில், அந்தப் பல்சக்கர விகிதத்தின் வர்க்க அளவுக்குப் பெருகி நிற்கிறது. சாலையின் நுண்ணதிர்வுகளை விழுங்க அதுவே போதும். மிச்சத்தை எங்கள் வடிகட்டிகள் பார்த்துக்கொள்கின்றன. பிறகு, செத்துப்போனதுபோல் இருக்கிறதே என்று வாடிக்கையாளர் சொல்வதால், கனத்தைச் செயற்கையாகச் சேர்க்கிறோம். 'ஸ்போர்ட்' என்ற பொத்தானை அழுத்தினால் ஸ்டீயரிங் கனமாவதைப் பலர் உணர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வெறும் கனம்தான்.

ஏன் இப்படிச் செய்தோம்? பழைய பவர் ஸ்டீயரிங்கின் ஹைட்ராலிக் பம்ப், நேர்ச்சாலையில் ஒரு வேலையும் இல்லாதபோதும் எஞ்சினோடு சேர்ந்து சுழன்று எரிபொருளைத் தின்றது. மின்சார மோட்டார் தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும். தானே பார்க்கிங் செய்துகொள்ளும் வசதிக்கும், பாதை விலகினால் திருப்பிவிடும் பாதுகாப்புக்கும் அதே மோட்டார் வேண்டும். இதில் சதி ஒன்றும் இல்லை. ஐரோப்பிய இரைச்சல் வரம்புகள் 2016 முதல் படிப்படியாக இறுகின, பெட்ரோல் கார்களின் புகைபோக்கியிலும் துகள் வடிகட்டி வந்தது, ஆகவே ஒலி மங்கியது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் புதிய கார்களில் வேக எல்லையை நினைவூட்டும் கருவி கட்டாயம். அதே ஆண்டில் போர்ஷேயின் 718 பாக்ஸ்டரும் கேமனும், பெரும்பாலான வகைகளில், ஒன்றியத்துச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. அவற்றின் மின்னணு அமைப்பு புதிய இணையப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றதாக இல்லை என்பதே காரணம். ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் ஆயுள் அதன் எஞ்சினால் முடிவாகாமல் கணினிப் பூட்டால் முடிவாகும் காலம் இது.

இதில் என்னை உறுத்துவது வேறு. தொலைந்ததைத் தொலைத்தவர்களே திருப்பி விற்பதுதான் அது. 2013-இல் வந்த 911 ஜிடி3-யில் கையால் மாற்றும் கியர் கிடையாது; தானியங்கிதான் வேகமானது, ஆகவே அது போதும் என்றார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, கைக் கியரோடு 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் மட்டும் செய்தார்கள். அவை கைமாறிய விலைகளைப் பார்த்தால், வாங்கியவர்களில் எத்தனை பேர் ஓட்ட வாங்கினார்கள் என்ற ஐயம் வரும். 2017-இல் ஜிடி3-க்கே கைக் கியர் திரும்பி வந்தது. ஒரு காலத்தில் எல்லாக் காரிலும் இருந்த, வேறு வழியில்லாமல் எல்லோரும் பயன்படுத்திய ஒரு நெம்புகோல், இன்று இரசனையின் அடையாளம். 2024-இல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ், மின்மோட்டாரின் துணையோடு 541 குதிரைத்திறன் தருகிறது, நூறைத் தொட மூன்று நொடிதான். கைக் கியர் அதற்கு இல்லை. அந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்ட 911-இல் திருகிக் கிளப்பும் வழக்கம் போய்ப் பொத்தான் வந்தது. நடுவில் எஞ்சின் சுழற்சியைக் காட்டிய உண்மையான முள்ளும் போயிற்று. இப்போது திரையில் முள்ளின் படம் ஆடுகிறது. ஹூண்டாயின் ஐயானிக் 5 என் என்ற மின்சாரக் காரில், இல்லாத கியர்களை மாற்றுவதுபோல் ஒரு குலுக்கலையும், இல்லாத எஞ்சினின் ஒலியையும் உண்டாக்க முடியும். அதை நான் ஏளனம் செய்யத் தயாராக இல்லை. தான் ஒரு பொம்மை என்பதை அது ஒளிக்கவில்லை.

எல்லாக் கட்டாயங்களையும் மீறி ஒரு நிறுவனம் வேறு விதமாக முடிவெடுக்க முடியும் என்பதற்கு மஸ்டா எம்எக்ஸ்-5 சாட்சி. 1989 பிப்ரவரியில் சிகாகோவில் அறிமுகமானபோது அது 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட, ஜப்பானியக் கணக்கில் 940 கிலோ எடையுள்ள, திறந்த கூரை இருவர் கார். குதிரையும் வீரனும் ஓருடல் என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லைத் திட்டத்தின் கொள்கையாக வைத்தார்கள். இடையில் மூன்றாம் தலைமுறை சற்றுப் பருத்தது. 2015-இல் வந்த நான்காவதை மறுபடியும் ஆயிரம் கிலோவை ஒட்டி இறக்கினார்கள். காற்றுப்பைகளும் மற்றப் பாதுகாப்புச் சுமைகளும் ஏறிய பிறகும், நீளத்தில் அது முதல் தலைமுறையைவிடச் சற்றுக் குறைவு. அதிலும் மின்சார ஸ்டீயரிங்தான், என் துறையின் கைவரிசைதான். ஆனால் ஒல்லியான டயர்களில், சிறிய எஞ்சினோடு 130 குதிரைத்திறன் அளவிலேயே நிற்கும் அந்தக் கார், மணிக்கு 70 கிலோமீட்டரில் ஒரு வளைவைச் சம்பவமாக ஆக்குகிறது. அதை வைத்திருக்கும் என் அலுவலக நண்பரை, சக்தி போதவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 911-ஐ ஒன்றரை டன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் ஆண்டுதோறும் கேட்கப்பட்ட அதே கேள்விதான்.

ஊரில் என் மாமா வைத்திருந்த பழைய புல்லட்டுக்கு வலக்காலில் கியர். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்ததை அறிந்து உதைத்தால்தான் அது கிளம்பும். தப்பினால் திருப்பி உதைக்கும். அந்த எஞ்சினும் மாறி, கியர் இடக்காலுக்கும் போன பிறகு, போச்சுடா என்று மாமா புலம்பியதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். திருப்பி உதைத்ததில் கணுக்கால் வீங்கி இரண்டு வாரம் நொண்டியதும் அதே மாமாதான், அந்தக் கதையை அவர் பெருமையாகவே சொல்வார். பழைய 911-ஐப் பற்றிப் பேசுகிறவர்களின் குரலில் எனக்கு அந்தப் பெருமை கேட்கிறது. ஒரு குறையைக் கையாளக் கற்றுக்கொண்டவனுக்கு அந்தக் குறை சொந்தமாகிவிடுகிறது. கற்றுக்கொள்ளுமுன்பே மரத்தில் மோதியவர்கள் மாடிப்படியில் நின்று வாதாட வருவதில்லை. ஆகவே, இந்தத் திருத்தங்களில் எதையும் நான் திரும்பப் பெறச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாத் திருத்தங்களும் செய்து முடித்த பிறகு கிடைத்த காரை இன்னும் 911 என்றே அழைப்பதில் ஒரு பெயர்க்குழப்பம் இருக்கிறது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்று க்ளெம்ஸெக்குக்குத் திரும்பி வந்ததும், எஞ்சினை நிறுத்தப் போன என் கையைப் பெரியவர் தடுத்தார். இந்தக் காரில் எண்ணெய் அளவை, எஞ்சின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில் நின்று ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டுமாம். நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவுகோல் பொய் சொல்லும். பின்மூடியைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து பழைய துணி ஒன்றை எடுத்தபடி, வேலையில் நான் சரியாக என்னதான் செய்கிறேன் என்று கேட்டார். கையில் வந்துகொண்டிருந்த அந்த நடுக்கத்தையும் எங்கள் ஆவணத்தில் அதற்கிருக்கும் பெயரையும் விளக்கினேன். விசிறியின் இரைச்சலில் பாதி அவர் காதில் விழவில்லை. இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன்.

"அப்படியென்றால் என் ஸ்டீயரிங் முழுவதும் இடையூறுதானா?" என்று கேட்டார்.

எங்கள் கணக்குப்படி ஆம் என்றேன். அவர் அளவுகோலை உருவித் துடைத்து, மறுபடியும் செருகி உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு துணியை என்னிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முன்பக்கப் பெட்டியிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்துவரப் போனார்.